தளர்ச்சியும் தளர்த்தலும்: உள்ளக் காயத்திற்கு உடல்வழி மருந்து

துன்பத்தை உடல் எங்ஙனம் சுமக்கிறது, சுமந்த துன்பத்தை உடலின் வழியாகவே இறக்கி வைக்க இயலுமா என்பது மிகப் பழமையான வினா. மருத்துவ நூல்கள் இவ்வினாவை எழுப்புவதற்கு நெடுங்காலம் முன்னரே மக்கள் வழக்கு இதற்குப் பாதி விடை கூறிவிட்டது. அச்சம் வந்தால் நமக்குக் குலை நடுங்குகிறது, கை கால் வெலவெலக்கிறது, அடிவயிறு கலங்குகிறது, நா உலர்கிறது, மயிர் கூச்செறிகிறது. உள்ளத்தில் நிகழ்வதை உரைக்க எடுத்த சொற்கள் அனைத்தும் உடலின் சொற்களாகவே அமைந்திருப்பதைக் காண்கிறோம். தொல்காப்பியர் அச்சத்தையும் அழுகையையும் உள்ளிட்ட எட்டினை வகுத்து, அவற்றிற்கு மெய்ப்பாடு என்றே பெயர் கொடுத்தார். மெய்யின்கண் தோன்றுவது என்பது அதன் பொருள்.

எனினும், மெய்யில் தோன்றிய அச்சம் எப்போது மறைகிறது? வெள்ளம் வடிந்த பின்னும், பீரங்கி ஓய்ந்த பின்னும், சிலருடைய உடலில் அது ஏன் ஆண்டுக்கணக்கில் தங்கிவிடுகிறது? இதற்கு விடை தேடிய வரலாற்றையே இங்குச் சுருக்கமாகக் காண்போம்.

முதற்கண் ஒரு சொல்லைப் பற்றி. மொழிபெயர்ப்புப் பணியில் இருக்கும் நம்மைப் போன்றோருக்கு இத்துறையில் முதலில் இடறும் கல், நரம்பும் தசையும் இறுக்கம் நீங்கி ஓய்வுறும் நிலைக்கு எந்தச் சொல்லை வழங்குவது என்பதுதான். தளர்ச்சி என்று எழுதினால் வாசகர் பலவீனம் என்று பொருள் கொள்கிறார். 'மனம் தளராதே' என்று ஊக்குவிப்பது நம் வழக்கு. 'தளர்ந்து போனான்' என்பது இரங்கத்தக்க செய்தி. ஆனால் மருத்துவர் வேண்டுவது தானாக வந்து சேரும் தளர்ச்சியன்று. நாமாக அறிந்து செய்யும் தளர்த்தல். கட்டிய முடிச்சைக் கையால் தளர்த்துவது போன்ற செயல் அது. இந்த இரண்டையும் ஒன்றெனக் கருதிய குழப்பம் தமிழுக்கு மட்டும் உரியதன்று. நூறு ஆண்டுகளுக்கு முன் ஐரோப்பியப் படைகளும் அதே குழப்பத்தில் ஆழ்ந்திருந்தன; அதற்குப் பல்லாயிரம் இளைஞர் விலை கொடுத்தனர்.

1861 முதல் 1865 வரை அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் நிகழ்ந்தது. அப்போது பிலடெல்பியா நகரத்து இராணுவ மருத்துவமனையில் பணியாற்றிய ஜேக்கப் மெண்டிஸ் டா கோஸ்டா என்னும் மருத்துவர், ஒரு விந்தையான நோயைக் கண்டார். படைவீரர்கள் நெஞ்சு படபடப்பு, மார்பு வலி, மூச்சுத் திணறல், களைப்பு என்று முறையிட்டு வந்தனர். இதயத்தைச் சோதித்தால் அதில் பழுது ஒன்றும் தென்படவில்லை. 1871-ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட கட்டுரையில் இதற்கு 'எளிதில் கிளர்ச்சியுறும் இதயம்' என்னும் பொருள்படப் பெயரிட்டார். பின்னர் அது 'படைவீரர் இதயம்' என்றும் வழங்கலாயிற்று. ஓய்வும் மருந்துமே அவர் அறிந்த சிகிச்சை.

முதல் உலகப் போர் மூண்டபோது அதே முறையீடுகள் பெருவெள்ளமாகத் திரும்பி வந்தன. ஸர் தாமஸ் லூயிஸ் என்னும் இதய நோய் வல்லுநர் இங்கிலாந்தில் ஹாம்ப்ஸ்டெட் என்னுமிடத்து இராணுவ மருத்துவமனையில் இத்தகையோரை ஆராய்ந்தார். படுக்கையில் நெடுநாள் கிடத்துவதால் இவர்கள் நலம் பெறுவதில்லை, மேலும் நலிகின்றனர் என்று கண்டு, எளிய அசைவிலிருந்து கடிய அசைவு வரையில் படிப்படியாக உயரும் உடற்பயிற்சிகளை வகுத்தார். இப்பயிற்சிகள் சிகிச்சையாகவும் இருந்தன. எவர் மீண்டும் போர்முனைக்குச் செல்லத் தக்கவர் என்று அளக்கும் கோலாகவும் இருந்தன. 1918-இல் வெளிவந்த அவரது நூல் இம்முறையை விளக்குகிறது. உள்ளம் சார்ந்த நோய்க்கு உடற்பயிற்சியைப் பெரிய அளவில் பயன்படுத்திய தொடக்ககால முயற்சிகளுள் இஃது ஒன்று எனலாம். ஆயினும் நோயாளியின் நலனும் படையின் தேவையும் இதில் ஒரே கயிற்றில் பிணைக்கப்பட்டிருந்தன என்பதையும் மறத்தல் கூடாது.

இதற்கிடையில் 1915-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் சார்லஸ் மையர்ஸ் என்பார் 'லான்ஸெட்' மருத்துவ இதழில் மூன்று வீரர்களின் நிலையை எழுதினார். குண்டு அருகில் வெடித்ததன் பின்னர் அவர்களுக்குப் பார்வையும் நினைவும் குன்றின. 'குண்டு அதிர்ச்சி' என்னும் தொடர் அக்கட்டுரையால் மருத்துவ உலகில் பரவிற்று. பேச்சிழந்தோர், கை கால் முடங்கியோர், ஓயாது நடுங்குவோர் எனப் பலவாறாக வீரர்கள் வந்தனர். குண்டின் காற்றழுத்தம் மூளையைத் தாக்கியதே காரணம் என்று முதலில் எண்ணினர். குண்டு வெடிப்பின் அருகே செல்லாதவர்க்கும் அதே நோய் வரக் கண்டபோது அவ்விளக்கம் நிலைக்கவில்லை.

இவர்களை எவ்வாறு நடத்துவது என்பதில் இரண்டு பாதைகள் பிரிந்தன. இரண்டும் உடலின் வழியே சென்றவையே. லண்டன் மாநகரில் லூயிஸ் யெல்லண்ட் என்னும் மருத்துவர் பேச்சிழந்த வீரரைக் கதவடைத்த அறையில் இருத்தி, தொண்டையில் மின்சாரம் பாய்ச்சிப் பேசவைத்தார். தம் முறையின் வெற்றியை 1918-இல் நூலாகவும் எழுதினார். ஸ்காட்லாந்தில் எடின்பரோவை அடுத்த கிரெய்க்லாக்கார்ட் மருத்துவமனையிலோ ஆர்தர் பிராக் என்னும் மருத்துவர் வேறு நெறியை மேற்கொண்டார். அதிர்ச்சியால் உலகத்தோடு தொடர்பு அறுந்தவனை, நடை, நீச்சல், தோட்ட வேலை, கைத்தொழில், எழுத்து ஆகிய செயல்களின் வழியே மீண்டும் உலகத்தோடு பிணைக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. 1917-இல் அவரிடம் சிகிச்சை பெற்றவர்களுள் கவிஞர் வில்பிரட் ஓவனும் ஒருவர். நடுங்குவதையே கோழைத்தனம் என்று கொண்ட இராணுவ நீதிமன்றங்கள் வேறொரு புறத்தில் இயங்கின. போர்முனையை விட்டு நீங்கியமை, கோழைமை முதலிய குற்றங்களுக்காகச் சுட்டுக் கொல்லப்பட்ட 306 வீரர்களுக்கு 2006-ஆம் ஆண்டில்தான் பிரிட்டிஷ் அரசு மன்னிப்பு வழங்கியது. அவருள் உள்ளக் காயம் பட்டோரும் இருந்தனர் என்பதே அம்மன்னிப்பைக் கோரியோரின் வாதம்.

இப்போரில் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர் கடல் கடந்து பணி புரிந்தனர். பிரான்ஸிலும் மெஸபடோமியாவிலும் அவர்கள் பட்ட காயங்களைக் கணக்கிட்ட ஏடுகள் உண்டு. ஊர் திரும்பிய பின் இரவில் அலறி எழுந்தவர் யார், உழவுக்குச் செல்லாது திண்ணையில் முடங்கியவர் யார் என்று கணக்கெடுத்த ஏடுகளைத் தேடிக் காண்பது அரிது.

இனி, உடலினுள் நிகழ்வது யாது என்று நோக்குவோம். 1915-ஆம் ஆண்டில் ஹார்வர்ட் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த வால்டர் கேனன் என்னும் உடலியல் அறிஞர், வலி, பசி, அச்சம், சினம் ஆகியவற்றால் உடலில் விளையும் மாறுதல்களைக் குறித்து ஒரு நூல் வெளியிட்டார். ஆபத்து நேரும்போது சிறுநீரகங்களின் மேல் அமைந்த சுரப்பிகள் அட்ரினலின் என்னும் பொருளை இரத்தத்தில் கலக்கின்றன. இதயம் விரைகிறது, மூச்சு மிகுகிறது, செரிமானம் நின்று, இரத்தம் தசைகளுக்குப் பாய்கிறது. எதிர்த்துப் போரிடுவதற்கோ தப்பி ஓடுவதற்கோ உடல் செய்துகொள்ளும் ஆயத்தம் இது. போரிட்டோ ஓடியோ முடித்தபின் ஆயத்தம் கலைய வேண்டும். ஆனால் பதுங்குகுழியில் அசையாமல் அமர்ந்து குண்டுமழையைத் தாங்கும் வீரனும், கூரைமேல் ஏறி வெள்ளத்தைப் பார்த்திருக்கும் தாயும் போரிடவும் இயலாது, ஓடவும் இயலாது. எழுந்த ஆயத்தம் செயலாக முடிவதில்லை. பின்னாளில் ஒரு கதவு படீரெனச் சாத்தினாலும் உடல் மீண்டும் ஆயத்தம் கொள்கிறது. அறிவு 'ஆபத்து இல்லை' என்கிறது; உடல் அதனைக் கேட்பதில்லை.

அறிவின் சொல்லைக் கேளாத உடலுக்கு அதன் மொழியிலேயே எடுத்துரைக்க முயன்றவர் எட்மண்ட் ஜேக்கப்ஸன். 1908-ஆம் ஆண்டளவில் ஹார்வர்டில் மாணவராய் இருந்தபோது, திடீரென்று எழும் பேரொலிக்கு மாந்தர் திடுக்கிடுவதை அவர் ஆராய்ந்தார். தசைகளை முற்றிலும் தளர்த்தியிருப்போர் அவ்வொலிக்கு அவ்வாறு திடுக்கிடுவதில்லை என்பது அவர் கண்ட உண்மை. பின்னர்ச் சிகாகோ நகரில் ஆய்வைத் தொடர்ந்து, 'படிமுறைத் தளர்த்தல்' என்று நாம் பெயரிடத்தக்க முறையை 1929-இல் நூலாக்கினார். ஒரு தசையைச் சற்றே இறுக்கி, அவ்விறுக்கத்தை உணர்ந்து, பின் விடுவதும், விட்டபின் தோன்றும் வேறுபாட்டை உணர்வதும் இதன் அடிப்படை. கையில் தொடங்கி, கால், வயிறு, முதுகு, தோள், முகம் எனத் தொடர்வது இது. இறுக்கம் இன்னதென்று அறியாதவன் அதை விடவும் அறியான் என்பது இம்முறையின் உட்கருத்து.

ஜேக்கப்ஸன் வகுத்த பயிற்சி மிக நீண்டது. அதைச் சுருக்கி உள்ளக் காயத்தின் சிகிச்சையில் இணைத்த பெருமை தென்னாப்பிரிக்கரான ஜோஸப் வோல்ப்பே என்பவரைச் சாரும். இரண்டாம் உலகப் போரில் இராணுவ மருத்துவராயிருந்த அவர், போரால் உள்ளம் நொந்த வீரருக்கு அக்காலத்தில் அளித்த மருந்துகளால் நிலையான பயன் இல்லையெனக் கண்டு மனம் வெதும்பினார். தளர்ந்த உடலில் அச்சம் முழு வலிமையோடு எழ இயலாது என்னும் கருத்தை அடிப்படையாக்கி, நோயாளியைத் தளர்ந்த நிலையில் இருத்தி, அஞ்சும் பொருளைச் சிறிது சிறிதாக நினைக்கச் செய்யும் முறையை அவர் வகுத்தார். 1958-ஆம் ஆண்டில் வெளிவந்த அவரது நூல் இன்றைய உளச் சிகிச்சை முறைகள் பலவற்றுக்கு வழிகோலியது.

மேலை நாட்டார் ஆய்வுக்கூடத்தில் இதனைக் கண்டறிந்த அதே காலத்தில், நம் நாட்டில் மிகப் பழைய பயிற்சி ஒன்று புதிய சோதனைக்கு உட்பட்டது. பதினைந்தாம் நூற்றாண்டைச் சார்ந்ததெனக் கருதப்படும் 'ஹடயோகப் பிரதீபிகை' சவாசனத்தைக் களைப்பு நீக்கி மனத்திற்கு ஓய்வளிப்பதாகக் கூறுகிறது. 1924-இல் ஸ்வாமி குவலயானந்தர் லோனாவ்லாவில் கைவல்யதாமம் என்னும் நிறுவனத்தைத் தொடங்கி, ஆசனங்களையும் மூச்சுப் பயிற்சிகளையும் கருவிகளைக் கொண்டு அளக்க முற்பட்டார். 1927-இல் இரத்த அழுத்தத்தால் நலிவுற்றிருந்த காந்தியடிகளும் அவரிடம் ஆலோசனை பெற்றார். 1969-இல் பம்பாய் மருத்துவர் கே. கே. தாத்தேயும் அவருடைய துணைவர்களும், இரத்தக் கொதிப்புற்ற 47 பேருக்குச் சவாசனம் பயிற்றிய முடிவுகளை வெளியிட்டனர். மருந்து உண்ணாதவர்க்கு அழுத்தம் குறைந்தது. உண்போர் பலருக்கு மருந்தின் அளவைக் குறைக்க முடிந்தது. அதற்கு மூன்றாண்டு முன்னரே, 1966-இல், பம்பாய் மனநல மருத்துவர் என். எஸ். வாஹியாவும் துணைவர்களும், மனநோய்ச் சிகிச்சையில் பண்டைய இந்தியக் கருத்துக்களைப் பயன்படுத்துவது குறித்துப் பிரிட்டிஷ் மனநல மருத்துவ இதழில் எழுதியிருந்தனர்.

இவ்விடத்தில் ஓர் உண்மையைக் கூறாது விடுதல் நேர்மையாகாது. மருந்து நம் கைவசம் இருந்தது. காயத்தைக் காயமென்று ஒப்பும் மனம் நெடுங்காலம் நம்மிடம் இல்லை. 1947-ஆம் ஆண்டுப் பிரிவினையில் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் வீடிழந்து எல்லை கடந்தனர். அவர்களுக்கு உணவும், கூரையும், நிலமும் பகிர்ந்தளித்த பணி பெரிது. ஆனால் அவர்தம் உள்ளக் காயத்தைப் பற்றிய மருத்துவ எழுத்து மிகச் சிறிது. அம்மௌனத்தை ஆராயும் நூலொன்றைச் சஞ்சீவ் ஜெயின், அலோக் சரின் ஆகிய இரு மனநல மருத்துவர்கள் தொகுத்து வெளியிட்டது 2018-ஆம் ஆண்டில்தான். உலக அளவிலும், வியட்நாம் போரிலிருந்து திரும்பிய வீரர்களின் முறையீட்டை அடுத்து, 1980-இல்தான் அமெரிக்க மனநல மருத்துவர் கழகம் 'அதிர்ச்சிக்குப் பிந்தைய அழுத்த நோய்' என்பதைத் தன் நோய்ப் பட்டியலில் சேர்த்தது.

அதன் பின்னர் நேர்ந்த பேரிடர்களில் நிலைமை சிறிது மாறிற்று. 1984-ஆம் ஆண்டு டிசம்பர் 2-ஆம் நாள் இரவு போபாலில் நச்சுவாயு கசிந்தது. அதில் பாதிக்கப்பட்டோருக்கென 1996-இல் அந்நகரில் தோன்றிய சம்பாவனா மருத்துவ நிலையம், மருந்துகளோடு யோகப் பயிற்சியையும் வழங்கியது. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை அந்தமான் தீவுகளைத் தாக்கியபின், ஆராய்ச்சியாளர் ஷெர்லி டெல்லஸும் துணைவர்களும் அங்குள்ள 47 பேருக்கு ஒரு வார காலம் ஆசனமும் மூச்சுப் பயிற்சியும் தளர்த்தலும் கற்பித்தனர். அச்சம், பதற்றம், துயரம், உறக்கக் குலைவு ஆகியன குறைந்ததாக அவர்கள் கூறினர். இதயத் துடிப்பும் மூச்சின் வேகமும் தணிந்ததைக் கருவிகள் காட்டின. அதே பேரலையில் வீடிழந்து முகாம்களில் தங்கிய 183 பேரிடம் மூச்சுப் பயிற்சியைச் சோதித்த மற்றோர் ஆய்வும் 2010-இல் வெளிவந்தது. பயிற்சி பெற்றோரின் துன்பம் காத்திருந்தோரினும் மிகுதியாகக் குறைந்திருந்தது.

2008-ஆம் ஆண்டு பீஹார் வெள்ளத்திற்குப் பின் நடந்த ஆய்வு 22 ஆடவரைக் கொண்டது. ஒரு வாரப் பயிற்சி பெற்றோரிடம் துயரம் குறைந்தது. பயிற்சி பெறாதோரிடம் பதற்றம் பெருகிற்று. ஆயினும் இதயத் துடிப்பின் நுண்ணிய அளவைகளில் மாறுதல் தென்படவில்லை. இவ்வாய்வுகள் சிறியவை, கால அளவு குறுகியவை. ஒரு வாரப் பயிற்சி பல்லாண்டுத் துயரைத் துடைத்துவிடும் என்று இவற்றைக் காட்டி எவரும் பறைசாற்றுதல் தகாது. முகாமில் ஒரு பாயும் ஒரு பயிற்றுநரும் இருந்தால் தொடங்கக்கூடிய உதவி ஒன்று உண்டு என்பதையே இவை காட்டுகின்றன.

2014-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்று இன்னும் ஒருபடி சென்றது. மற்றச் சிகிச்சைகளால் குணமாகாத 64 பெண்கள் அதில் பங்கு கொண்டனர். பத்து வார யோகப் பயிற்சியின் முடிவில், பயிற்சியை நிறைவு செய்த 31 பேருள் 16 பேர் நோய்க்குரிய வரம்பிலிருந்து நீங்கினர்; நலக்கல்வி மட்டும் பெற்ற 29 பேருள் 6 பேரே அவ்வாறு நீங்கினர். 2023-இல் படைப்பணியின்போது பாலியல் கொடுமைக்கு ஆளான 131 பெண்களிடம் நிகழ்ந்த ஆய்வில், இத்தகைய யோகப் பயிற்சி நிலைபெற்ற உளச் சிகிச்சை ஒன்றுக்கு நிகரான பயனளித்தது. இப்பயிற்சியின் தனி இயல்பு கருதத்தக்கது. ஆசிரியர் 'இதைச் செய்' என்று ஆணையிடுவதில்லை. 'விரும்பினால் கையை உயர்த்தலாம்' என்று அழைக்கிறார். மாணவியின் உடலைத் தொட்டுத் திருத்துவதில்லை. கண்ணை மூடுமாறு வற்புறுத்துவதில்லை. தன் உடலின்மீது தனக்கே உரிமையில்லாத நிலையில் காயம்பட்டவருக்கு, அவ்வுரிமையை மீட்டுத் தருவதே மருந்தின் பாதியாகும். யெல்லண்டின் பூட்டிய அறையையும் இந்தத் திறந்த கூடத்தையும் ஒப்பிட்டு நோக்கினால் நூறாண்டு வரலாறு கற்பித்த பாடம் தெளிவாகும்.

தற்காலத்தில் வேறு பல முறைகளும் பரவியுள்ளன. அச்சத்தின்பின் விலங்குகள் உடலைச் சிலிர்த்து உதறுவதைச் சான்று காட்டி, உடலைத் தானே நடுங்க விடுவதால் காயம் ஆறும் என்போர் உண்டு. உடலின் நுண்ணுணர்வுகளை மெல்லப் பின்தொடர்ந்து இறுக்கத்தை விடுவிக்கலாம் என்பாரும் உண்டு. இவற்றால் பயன் பெற்றதாகக் கூறுவோர் உளர். ஆனால் இவற்றின் பெயரால் கூறப்படும் பெரிய உறுதிமொழிகளுக்கு ஈடான ஆய்வுகள் இன்னும் திரளவில்லை. கட்டணம் பெற்று முழுக் குணம் உறுதியென்பாரிடம் எச்சரிக்கை தேவை.

எளிய பயிற்சி ஒன்றை நேயர்கள் இன்றே செய்து பார்க்கலாம். நாற்காலியிலோ தரையிலோ வசதியாக அமர்க. உள்ளங்கால்கள் தரையில் படுவதை உணர்க. வலக்கை விரல்களை மெல்ல மடக்கி, ஐந்து நொடி இறுக்கி, பின் விடுக. விட்டபின் கை கனப்பதையோ வெதுவெதுப்புறுவதையோ சற்றுக் கவனிக்க. இவ்வாறே இடக்கை, தோள், முகம், வயிறு, கால் எனச் செல்க. மூச்சை உள்ளிழுக்கும் நேரத்தினும் வெளிவிடும் நேரம் சற்று நீளட்டும். வலியுள்ள இடத்தை இறுக்குதல் வேண்டா. கண்ணை மூடினாலோ மூச்சைக் கவனித்தாலோ பழைய காட்சிகள் எழுந்து அச்சம் மிகுமாயின், உடனே நிறுத்திக் கண்ணைத் திறந்து, அறையில் உள்ள பொருள்களை ஒவ்வொன்றாகப் பெயரிட்டுக் காண்க. 2020-இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட அழுத்த கால வழிகாட்டி நூலும், உணர்ச்சிப் புயலில் சிக்கியவர் தம் உடலையும் சுற்றுப்புறத்தையும் உணர்ந்து நிலைகொள்வதையே முதற்பாடமாக வைக்கிறது. உறக்கமின்மை, திடுக்கிடல், கொடுங்கனவு ஆகியன வாரக்கணக்கில் நீடித்தால் மருத்துவரை நாடுதலே முறை. 2022-இல் மத்திய அரசு தொடங்கிய மனநலத் தொலைபேசிச் சேவையை 14416 என்னும் எண்ணில் அழைக்கலாம்.

பேரிடர் நிகழும்போதெல்லாம் 'மனம் தளர வேண்டா' என்று நாம் அறிக்கை எழுதுகிறோம். அவ்வறிக்கை நல்லெண்ணம் உடையது. எனினும் முகாமின் மூலையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு, தோள் இறுகி, மூச்சு மேலோட்டமாய் ஓட அமர்ந்திருக்கும் ஒருவரிடம் அச்சொல் சென்று சேர்வதில்லை. அவருக்கு வேண்டுவது, தம் தோளை அஞ்சாமல் இறக்கி வைக்க ஓர் இடமும், அதற்குக் கூட இருந்து காத்திருக்கும் ஒரு மனிதரும் ஆகும். அரிசியும் போர்வையும் அனுப்பும் பட்டியலில் அந்த இடத்துக்கும் அந்த மனிதருக்கும் ஒரு வரி ஒதுக்கப்படுமாயின், 1915-இன் வீரரும் 1947-இன் அகதியும் பெறாத உதவியை நாளைய தலைமுறை பெறும்.